நெடுந்தூர சைக்கிள் பயணம்: சாப்பாடு, உப்பு, தண்ணீர், கழிப்பறை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தேர்வுகள் முடிகிற மாதம் இது. கல்லூரிப் பிள்ளைகள் பலர் சைக்கிளை எடுத்துக்கொண்டு தனியாகவே கன்னியாகுமரிக்கும் ராமேஸ்வரத்துக்கும் கிளம்புகிறார்கள். மதுரை திருநகர்ப் பக்கம் விடியற்காலையில் நான்குவழிச் சாலைக்கு வந்தால் சிவப்புப் பின்விளக்கு மினுமினுக்கத் தெற்கே போகிறவர்களைப் பார்க்கலாம். அவர்களுக்கு ஹெல்மெட்டைப் பற்றியும் விளக்கைப் பற்றியும் சொல்லித்தர ஆள் இருக்கிறது. என்ன சாப்பிட்டு, எதைக் குடித்து அந்தத் தூரத்தைக் கடக்கப்போகிறார்கள் என்று கேட்க ஆள் இல்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம். சற்று நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியனாக வேலை செய்கிறேன். பல வருடங்களாக நெடுந்தூரம் சைக்கிள் மிதிக்கிறேன், பெரும்பாலும் தனியாக. மதுரையிலிருந்து கன்னியாகுமரி சுமார் 245 கிலோமீட்டர். அந்தச் சாலையில் எந்த ஊரில் எத்தனை மணிக்கு டீக்கடை திறக்கும் என்பது எனக்கு மனப்பாடம். ஆய்வுக்கூடத்தில் தினமும் சோடியமும் பொட்டாசியமும் பார்க்கிறவள் என்பதால், சாலையில் உடம்புக்குள் நடப்பதைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்கும் பழக்கமும் உண்டு.

முதலில் சாப்பாட்டுக் கணக்கு. நாம் தின்னும் சோறும் இட்லியும் சர்க்கரையாகி, ஈரலிலும் தசையிலும் சேமிப்பாகத் தங்குகிறது. நன்றாகச் சாப்பிட்டு ஓய்வெடுத்த ஆளிடம் இந்தச் சேமிப்பு ஏறக்குறைய 400 முதல் 500 கிராம், அதாவது 1,600 முதல் 2,000 கலோரி. மிதமான வேகத்தில் ஒரு மணி நேரம் மிதித்தால் 400, 500 கலோரி செலவாகும். அதில் ஒரு பங்கை உடம்புக் கொழுப்பு கொடுத்துவிடும் என்பதால் நாலைந்து மணி நேரம் ஓடும். வேகத்தைக் கூட்டினால் கொழுப்பின் பங்கு குறைந்து சேமிப்பு சீக்கிரம் தீரும். பேசிக்கொண்டே மிதிக்க முடிகிற வேகம்தான் நெடுந்தூரத்துக்கு ஏற்றது.

சேமிப்பு தீர்ந்தால் வருவது வெறும் களைப்பு அல்ல. கால் சொன்னபடி கேட்காது. கை நடுங்கும், குளிர்ந்த வேர்வை வரும். காரணமே இல்லாமல் அழுகையோ எரிச்சலோ வரும். கடைசியில் மூளை மந்தமாகும், அதுதான் ஆபத்து. பின்னால் வரும் லாரியின் தூரத்தைச் சரியாகக் கணிக்க முடியாது. கூட்டமாகப் போனால், "என்னடா ஒரு மாதிரி இருக்க, இறங்கு, இதச் சாப்பிடு" என்று பக்கத்தில் வருகிறவன் சொல்லுவான். தனியாகப் போகிறவருக்கு அதைச் சொல்ல ஆள் இல்லை. அந்த நேரத்தில் தன் நிலைமையைத் தானே உணரும் தெளிவும் இருக்காது. அதனால் பசி எடுத்தால் சாப்பிடலாம் என்ற முடிவோடு தனியாகக் கிளம்பக் கூடாது. எங்கே, எத்தனை மணிக்கு, எதைச் சாப்பிடுவது என்று வீட்டிலேயே தெளிந்த மூளையோடு ஒரு தாளில் எழுதிக்கொண்டு, அதன்படி நடக்க வேண்டும். என் கைபேசியில் அரை மணிக்கு ஒருமுறை மணி அடிக்கும். பசித்தாலும் பசிக்காவிட்டாலும் வாயில் ஏதாவது போடுவேன்.

எவ்வளவு போடுவது? ஒரே வகைச் சர்க்கரையாக இருந்தால் குடல் மணிக்குச் சுமார் 60 கிராம் வரைதான் உள்ளே வாங்கும். நிதானமாக மிதிப்பவருக்கு மணிக்கு 40 முதல் 60 கிராம் போதும். ஓர் இட்லியில் 10 முதல் 15 கிராம் மாவுச்சத்து, ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் 20 கிராமுக்கு மேல். பேரீச்சம்பழத்தில் முக்கால் பங்கு சர்க்கரைதான், கருப்பட்டியில் அதைவிட அதிகம். ஆக மணிக்கு ஒரு வாழைப்பழம், இரண்டு மூன்று பேரீச்சை, ஒரு நெல்லிக்காய் அளவு கருப்பட்டி என்றால் கணக்கு சரியாகிவிடும். வெளிநாட்டிலிருந்து வரும் சர்க்கரை ஜெல் பொட்டலங்களை வாங்கக் காசில்லையே என்று எந்தப் பிள்ளையும் தயங்க வேண்டாம். அவை பந்தயக்காரர்களுக்குப் பயன்படுபவை. இறங்கி நின்று சாப்பிட நேரம் உள்ள நமக்கு, ஊர்ச் சந்தையில் கிடைப்பதே போதும்.

நான் என்ன செய்கிறேன் என்று சொல்கிறேன். முந்தின நாள் இரவு சோறு, ரசம், கொஞ்சம் பருப்பு. காரக் குழம்பும் பொரித்த கறியும் கிடையாது, சுண்டலும் மொச்சையும் கிடையாது. கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் நாலு இட்லி, தேங்காய்ச் சட்னி தொட்டுக்கொள்ள, பிறகு ஒரு காப்பி. மூன்றரை மணிக்குச் சாலையில் இருப்பேன். ஹேண்டில்பார் பையில் இரண்டு வாழைப்பழம், ஒரு டப்பாவில் பேரீச்சை, உடைத்த கருப்பட்டி, உப்பு போட்டு அவித்த சின்ன உருளைக்கிழங்கு. பின்பையில் வாழை இலையில் கட்டிய புளிச்சோறு. நல்லெண்ணெயும் புளியும் உப்பும் சேர்ந்த அந்தப் பொட்டலம் மதியம் வரை கெடாது. பத்து மணிக்கு மேல் இனிப்பைக் கண்டாலே குமட்டும், அப்போது அதுதான் இறங்கும். நெடுந்தூரத்தில் இது முக்கியமான விஷயம். ஒரே இனிப்பை எட்டு மணி நேரம் நாக்கு தாங்காது. இனிப்பு, உப்பு, புளிப்பு மூன்றும் பையில் இருக்க வேண்டும்.

நான்குவழிச் சாலை ஊர்களை வெளியே ஒதுக்கிவிட்டது என்பதை முதல்முறை போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். வரைபடத்தில் விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி, கயத்தாறு என்று வரிசையாக ஊர் தெரியும். பைபாஸில் போனால் பாலமும் பெயர்ப்பலகையும்தான் தெரியும். பழைய கடைகளெல்லாம் ஊருக்குள் பழைய சாலையில் இருக்கின்றன. எந்த ஊரில் இறங்குவது என்பதை முன்பே முடிவு செய்யாவிட்டால் ஒரு பாலத்தைத் தாண்டியதும் அடுத்த கடைக்கு இருபது கிலோமீட்டர் போக வேண்டியிருக்கும்.

விருதுநகருக்கு ஆறு மணி வாக்கில் வந்துவிடுவேன். பரோட்டாவுக்குப் பேர்போன ஊர்தான், ஆனால் எண்ணெயில் பொரித்த மாவு மெதுவாகத்தான் செரிக்கும், மிதிக்கும்போது வயிறு கனக்கும். இரண்டு இட்லி, ஒரு டீயோடு கிளம்பிவிட வேண்டும். சாத்தூரில் சேவும் வெள்ளரிப்பிஞ்சும். உப்பும் மிளகாய்த்தூளும் தடவிய வெள்ளரியை அந்த வெயிலில் கடித்தவர்களுக்குத் தெரியும், அதற்கு ஈடு எந்தக் கடையிலும் கிடையாது. கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வேர்க்கடலையும் வெல்லமும் சேர்ந்த அதில் 100 கிராமில் 500 கலோரி அளவுக்கு இருக்கும். கடலையில் கொழுப்பு அதிகம், அதனால் மெதுவாகத்தான் செரிக்கும். சோர்ந்து போன நேரத்தில் அவசரத்துக்கு உதவாது. கோவில்பட்டியில் வாங்கி அங்கேயே ஒரு துண்டு தின்றால் கயத்தாறு தாண்டும்போது வேலை செய்யும். சோர்வு வந்த பிறகு கருப்பட்டியோ சர்க்கரை போட்ட எலுமிச்சைச் சாறோதான்.

கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலி வரை சுமார் 55 கிலோமீட்டர். கரிசல் காடு, மரநிழல் குறைவு, காற்றாலைகள் நிற்கிற மண். கோவில்பட்டியில் ஒன்பது மணிக்கு எல்லா பாட்டிலையும் நிரப்பாமல் நான் நகர்வதில்லை. காற்று பலமாக வீசும்போது வேர்வை தோலில் நிற்காமல் காய்ந்துவிடும். சட்டை நனையாததால் நமக்கு வேர்க்கவே இல்லை என்று தோன்றும். சட்டையில் வெள்ளையாக உப்புக்கோடு படிந்திருப்பதைப் பார்த்தால்தான் எவ்வளவு போயிருக்கிறது என்று புரியும்.

திருநெல்வேலியில் அல்வா வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், பயணம் முடிந்து திரும்பும்போது வாங்கிக்கொள்ளலாம். அங்கே எனக்கு வேண்டியது தயிர்சாதமும் ஊறுகாயும். தை மாதமென்றால் ஒரு மணி நேரம் ஓய்வெடுத்துவிட்டு நாங்குநேரி, வள்ளியூர், பணகுடி வழியாக அன்றே குமரிக்குப் போய்விடுவேன். சித்திரை, வைகாசியில் அப்படிச் செய்வதில்லை. திருநெல்வேலியில் தங்கி, மீதியை மறுநாள் விடியலில் முடிப்பேன். பிள்ளைகளும் அப்படியே செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அக்னி நட்சத்திரத்தில் பதினொன்றிலிருந்து மூன்றரை வரை சாலையில் இருப்பதில் எந்த வீரமும் இல்லை.

அடுத்தது உப்பு. இந்தக் கடிதத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

ரத்தத்தில் சோடியம் லிட்டருக்கு 135-லிருந்து 145 மில்லிமோல் வரை இருக்க வேண்டும். வேர்வை ஒரு லிட்டர் போனால் அதோடு சராசரியாக ஒரு கிராம் அளவுக்குச் சோடியம் போகிறது. ஆளுக்கு ஆள் இது நிறைய மாறும். பத்து மணி நேரத்தில் எட்டு லிட்டர் வேர்த்தால் எட்டு கிராம் சோடியம், சமையல் உப்பாகச் சொன்னால் 20 கிராம், நாலு டீஸ்பூன். இவ்வளவையும் அன்றே திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை, உடம்பில் இருப்பு உண்டு, சாப்பாட்டிலும் உப்பு வருகிறது. ஆனால் கொஞ்சமும் கொடுக்காமல் வெறும் தண்ணீரையே லிட்டர் கணக்கில் குடித்தால் ரத்தத்தில் இருக்கும் சோடியம் நீர்த்துப்போகும். தலைவலி, குமட்டல், வாந்தி, குழப்பம், முற்றினால் வலிப்பு. வெயில் மயக்கத்துக்கும் இதே மாதிரி அறிகுறிகள்தான் என்பதால் பக்கத்தில் இருப்பவர்கள் இன்னும் தண்ணீர் கொடுப்பார்கள், நிலைமை மோசமாகும்.

இது எங்கோ அபூர்வமாக நடப்பது என்று நினைக்க வேண்டாம். 2002-ல் பாஸ்டன் மாரத்தான் முடித்த 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. 2005-ல் அந்த ஆய்வு வெளியானது. ஓடும்போது அளவுக்கு மீறிக் குடித்து எடை கூடியவர்களிடம் அது அதிகமாகக் காணப்பட்டது. "தண்ணி குடி, தண்ணி குடி" என்று நாம் எல்லோருக்கும் சொல்லும் அறிவுரையோடு உப்பையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எவ்வளவு குடிப்பது என்பதை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். நீங்கள் போகப்போகும் நேரத்தில், அதே வெயிலில், ஒரு மணி நேரம் மிதியுங்கள். கிளம்பும் முன் எடை பாருங்கள், வந்ததும் உடம்பைத் துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். குறைந்த எடையோடு இடையில் குடித்ததைக் கூட்டினால் வேர்த்தது எவ்வளவு என்று தெரியும். ஏப்ரல் மாதக் காலையில் எனக்கு 700 கிராம் குறைந்தது, 300 மில்லி குடித்திருந்தேன், ஆக மணிக்கு ஒரு லிட்டர். அதில் முக்கால் லிட்டரைத் திருப்பிக் குடித்தால் எனக்குப் போதும். உங்களுக்கு அது அரை லிட்டராகவும் இருக்கலாம், ஒன்றரையாகவும் இருக்கலாம். நாள் முடிவில் எடை சற்றுக் குறைந்திருப்பது சரி, கூடியிருந்தால் அளவுக்கு மீறிக் குடித்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். சாப்பாட்டுக்குக் கடிகாரம் சொல்வதைக் கேளுங்கள். தண்ணீருக்கு இந்த அளவையும் தாகத்தையும் சேர்த்தே கேளுங்கள்.

என் வண்டியில் முக்கால் லிட்டர் பாட்டில்கள் மூன்று. ஒன்றில் வெறும் தண்ணீர், குடிக்கவும் தலையில் ஊற்றவும். ஒன்றில் நன்னாரி சர்பத், எலுமிச்சை, இரண்டு சிட்டிகை உப்பு. பாகு குறைவாக, நாக்குக்குச் சப்பென்று இருக்கும்படி கலக்க வேண்டும். லிட்டருக்கு 60, 70 கிராம் சர்க்கரைக்கு மேல் போனால் வயிற்றிலேயே தேங்கிக் குமட்டும். மூன்றாவது பாட்டிலில் ஓ.ஆர்.எஸ்.

ஓ.ஆர்.எஸ். பற்றி இரண்டு வார்த்தை. 1971-ல் வங்கதேசப் போரின்போது எல்லையோரம் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் மருந்து தீர்ந்துபோன நிலையில் டாக்டர் திலீப் மஹலானபிஸ் உப்பையும் குளுக்கோஸையும் தண்ணீரில் கலந்து குடிக்கக் கொடுத்துப் ஏராளமான உயிர்களைக் காத்தார். மறைந்த பிறகு 2023-ல் அவருக்குப் பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது. உலக சுகாதார நிறுவனம் 2002-லிருந்து பரிந்துரைக்கும் கலவையில் ஒரு லிட்டருக்குச் சமையல் உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சோடியம் சிட்ரேட் 2.9 கிராம். மருந்துக்கடையில் பொட்டலத்தின் மேல் இந்த எண்களைப் பார்த்து வாங்குங்கள். அட்டைப் பெட்டியில் பழச்சாறு மாதிரி இனிப்பாக விற்ற சில பானங்கள் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரைப் போட்டுக்கொண்டிருந்தன. ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல ஆண்டுகள் போராடிய பிறகு, 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயரை அப்படிப் பயன்படுத்தக் கூடாது என்று உத்தரவிட்டது. அந்த மருத்துவருக்கு என்னைப் போன்றவர்கள் நன்றி சொல்ல வேண்டும். பொட்டலம் இல்லையென்றால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு மட்டமான டீஸ்பூன் சர்க்கரை, அரை மட்டமான டீஸ்பூன் உப்பு. கூட்டிக் குறைத்துக் கலக்க வேண்டாம்.

ஆனால் ஓ.ஆர்.எஸ். சாப்பாடு ஆகாது. லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ் என்பது ஒரு வாழைப்பழம்கூட இல்லை. அதைக் குடித்துக்கொண்டே பட்டினியாக மிதித்தால் மேலே சொன்ன சோர்வு வந்தே தீரும். ரத்தக் கொதிப்புக்கோ சிறுநீரகத்துக்கோ மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் உப்பைக் கூட்டக் கூடாது.

இளநீர் நல்லதுதானே என்று எல்லோரும் கேட்பார்கள். நல்லதுதான், பொட்டாசியம் நிறைய இருக்கிறது. வேர்வையில் அதிகம் போகும் சோடியம் அதில் குறைவு. இளநீரோடு ஒரு கை சேவோ, உப்பு போட்ட கடலையோ சேர்த்துக்கொண்டால் சரியாகும். பதநீரும் அப்படித்தான், நல்ல சர்க்கரை, உப்பு குறைவு. பனைக்காலத்தில் நெல்லைச் சாலையில் காலையில் இறக்கியதைக் காலையிலேயே குடிக்க வேண்டும். நேரமானால் புளித்துவிடும், வெயிலில் வயிற்றைக் கெடுக்கும். எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது நீர்மோர். உப்பு, நீர், கொஞ்சம் புரதம், இஞ்சி, கறிவேப்பிலை, எல்லாம் ஒரு தம்ளரில்.

தனியாகப் போவதில் இன்னும் ஒரு சிக்கல் உண்டு. ஓட்டலுக்குள் போய் உட்கார்ந்தால் வெளியே வண்டி யார் பொறுப்பு? அதனால் வாசலிலேயே நின்று சாப்பிடக்கூடிய, வண்டி கண்ணெதிரே நிற்கும் கடைகளைத்தான் நான் குறித்து வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை, பொங்கல், தீபாவளி மறுநாள் இந்தக் கடைகள் மூடியிருக்கும். எந்த நேரத்திலும் பையில் இரண்டு மணி நேரத்துக்கான சாப்பாடும் ஒரு முழு பாட்டிலும் தொடாமல் இருக்க வேண்டும் என்பது நான் மீறாத விதி. 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்தில் முடிக்க வேண்டிய, பிரெவே எனப்படும் நேரக் கெடு வைத்த சைக்கிள் பயணங்களிலும் குறிப்பிட்ட நிறுத்தங்களைத் தவிர வேறெங்கும் வெளியாள் உதவி கூடாது என்பதுதான் சட்டம். தன் சாப்பாட்டைத் தானே பார்த்துக்கொள்ளப் பழகுவதற்கு அது நல்ல பள்ளிக்கூடம்.

இனி, இந்தக் கடிதத்தை எழுதவைத்த இன்னொரு விஷயத்துக்கு வருகிறேன்.

மேலே சொன்ன தண்ணீர்க் கணக்கெல்லாம் பெண்களுக்கு எழுதுவதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. நான் மணிக்கு முக்கால் லிட்டர் குடிக்க வேண்டும் என்று தெரிந்தும், அடுத்த கழிப்பறை எங்கே என்று தெரியாத இடத்தில் கை பாட்டிலுக்குப் போகாது. என்னோடு சைக்கிள் மிதிக்கும் தங்கைகள் அத்தனை பேரும் இதையே சொல்கிறார்கள். காலையிலிருந்து குடிக்காமலே வருகிறார்கள். வெயிலில் குடிக்காமல் இருப்பதும், வந்ததை அடக்குவதும் சேர்ந்து என்ன செய்யும் என்பதை ஆய்வுக்கூடத்தில் சிறுநீர்ப் பரிசோதனைத் தாளில் நான் பார்க்கிறேன். இது சைக்கிளில் போகிற பெண்களின் பிரச்சினை மட்டும் அல்ல. பேருந்தில் போகிற பெண்கள், சாலையோரம் பூவும் நுங்கும் விற்கிற அக்காக்கள், வயலில் நாற்று நடுகிறவர்கள், எல்லோருமே இப்படித்தான் நாவறண்டு கிடக்கிறார்கள்.

பெட்ரோல் பங்க்குகளில் காற்று, குடிநீர், கழிப்பறை ஆகியவை இருக்க வேண்டும் என்பது எண்ணெய் நிறுவனங்கள் பங்க்குகளுக்கு வைத்திருக்கும் விதிகளிலேயே உள்ளது. இருக்கின்றன. பெண்கள் கழிப்பறையில் பூட்டு தொங்குகிறது. சாவி மேலாளரிடம், மேலாளர் வீட்டில். ஒரு பங்க்கில், "சைக்கிளுக்குப் பெட்ரோல் போட மாட்டீங்களே, அப்புறம் எதுக்கும்மா?" என்று கேட்டார்கள். இன்னொன்றில் குடிநீர்க் குழாயின் கீழே மோட்டார் சைக்கிள் நிறுத்தியிருந்தார்கள், தண்ணீர் வந்து மாதமாகிறது என்றார்கள். சொல்லாமலே திறந்துவிட்டு, "பாத்துப் போங்கக்கா" என்று பாட்டிலையும் நிரப்பிக் கொடுத்த பையன்களும் உண்டு. அந்தப் பங்க்குகளை வைத்துத்தான் என் தாளில் நிறுத்தங்களை எழுதுகிறேன். எந்த ஊரில் எது ருசியாகக் கிடைக்கும் என்பது அதற்கு அப்புறம்தான்.

இந்தச் சாலையில் கப்பலூர், எட்டூர்வட்டம், சாலைப்புதூர், நாங்குநேரி என நாலு டோல்கேட்டுகள். கப்பலூர் எங்கள் வீட்டுக்குப் பக்கம். மற்றவை ஐம்பது, அறுபது கிலோமீட்டருக்கு ஒன்றாக வருகின்றன. விளக்கு உண்டு, ஆள் உண்டு, இரவு பகல் காவல் உண்டு. தனியாக வருகிற பெண்ணுக்கு அதைவிடப் பாதுகாப்பான இடம் அந்தச் சாலையில் இல்லை. ஒவ்வொரு டோல்கேட்டிலும் சுத்தமான கழிப்பறையும் குடிநீரும் இருபத்துநாலு மணி நேரமும் இருந்தால், தண்ணீர் குடிக்கப் பயந்துகொண்டு ஒரு பெண்ணும் வண்டியோட்ட வேண்டியதில்லை.

கோடை வந்தால் ஊருக்கு ஊர் தண்ணீர்ப்பந்தல் திறக்கிறோம். கட்சிக்காரர்கள் திறக்கிறார்கள், கோயில்கள் திறக்கின்றன, வியாபாரிகள் சங்கங்கள் திறக்கின்றன. பெரும்பாலும் பேருந்து நிலையத்திலும் கடைவீதியிலும்தான். காலை பத்து மணிக்கு மேல்தான் பானை நிறைகிறது. அவற்றில் சிலதையாவது பைபாஸ் ஏறுமிடத்தில் வையுங்கள் என்று கேட்கிறேன். கோவில்பட்டிக்கும் திருநெல்வேலிக்கும் நடுவே ஒரு வேப்பமரத்தடியில் ஒரு பந்தல் இருந்தால், சைக்கிள்காரர்கள் மட்டுமா, லாரி கிளீனரும் ஆட்டுக்காரரும் சாலை போடுகிறவர்களும் குடிப்பார்கள். நீர்மோரில் உப்பைத் தாராளமாகப் போடுங்கள்.

பெற்றோர்களுக்கு ஒன்று. பிள்ளை தனியாகக் கிளம்புகிறான் என்றால் தடுக்க வேண்டாம். அவன் நிறுத்தங்களை எழுதிய தாளில் ஒரு பிரதியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் என்ன சாப்பிட்டாய் என்று கேளுங்கள். பதில் குழறலாகவோ சம்பந்தமில்லாமலோ வந்தால் உடனே நிழலில் உட்காரச் சொல்லுங்கள். மயக்கம், குழப்பம், அனலாய்க் கொதிக்கும் உடம்பு என்றால் 108. நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033. இரண்டு எண்ணும் வண்டியின் ஹேண்டில்பாரில் ஒட்டியிருக்க வேண்டும், வீட்டு எண்ணோடு.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் நிருபர்கள் மதுரையிலிருந்து குமரி வரை ஒருநாள் காலையில் போய், எந்தப் பங்க்கில் குடிநீர் வருகிறது, எந்த டோல்கேட்டில் பெண்கள் கழிப்பறை திறந்திருக்கிறது என்று பார்த்து, ஊர்ப் பெயரோடு பட்டியலாக வெளியிட வேண்டும். பெண் நிருபராக இருந்தால் இன்னும் நல்லது. பங்க்குகளில் புகார்ப் பதிவேடு இருக்கிறது, கேட்டு வாங்கி எழுதலாம் என்பதையும் அதோடு போடுங்கள். இந்த மே மாதத்துக்குள் வந்தால் விடுமுறையில் கிளம்பும் பிள்ளைகளுக்குப் பயன்படும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருநகர், மதுரை.